குரல் வேறு, குடுமி வேறு

ஃபிராங்க் ஃபாரியன் சமையல் படித்தவர். 1941-இல் ஜெர்மனியின் கிர்ன் என்ற சிற்றூரில் ஃபிரான்ஸ் ராய்ட்டர் என்ற பெயரோடு பிறந்து, இளவயதில் முறையாக அடுப்படிப் பயிற்சி எடுத்து, பிறகு பாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். தொழிலைத்தான் மாற்றினார், தொழில் தர்மத்தை மாற்றவில்லை. நல்ல சமையற்காரன் கரண்டியும் கையுமாகப் பந்திக்கு வரமாட்டான். அவன் உள்ளே வியர்த்து வழிந்துகொண்டிருப்பான். சலவைச் சட்டை போட்ட பையன் வந்து பரிமாறுவான். சாப்பிடுகிறவர் பையனைப் பார்த்து 'பிரமாதம்' என்பார். இந்த ஏற்பாட்டை இசைத்தட்டுத் தொழிலுக்குள் கொண்டுவந்ததுதான் ஃபாரியனின் வாழ்நாள் சாதனை.

1975-இல் 'பேபி டு யூ வானா பம்ப்' என்று ஒரு டிஸ்கோ பாட்டை வெளியிட்டார். அதில் வரும் அடிவயிற்றுக் குரலும் அவரே, கீச்சுக் குரலும் அவரே. சொந்தப் பெயரைப் போடக் கூச்சப்பட்டு, தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரின் நாயகன் பெயரை எடுத்து, வாலில் ஓர் 'எம்' ஒட்டி, 'போனி எம்' என்று அச்சடித்தார். தட்டு விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சிக்காரர்கள் குழுவை அனுப்பச் சொன்னார்கள். குழு ஏது? இருந்தது ஒரே ஓர் ஆள், அவருக்கும் டிஸ்கோ ஆடுகிற உடம்பு இல்லை. ஆகவே குழு தயாரிக்கப்பட்டது. மூன்று பெண்கள், அவர்களில் இருவர் உண்மையிலேயே பாடினார்கள். ஓர் ஆண், அரூபா தீவைச் சேர்ந்த பாபி ஃபாரெல். வெறும் மார்பும் பளபளா கால்சட்டையுமாக மேடையில் பம்பரம் சுற்றிய அந்த மனிதரின் வாயிலிருந்து வந்த கட்டைக்குரல் ஃபாரியனுடையது. 'டாடி கூல்', 'ரஸ்புதின்' எல்லாம் இப்படி வந்தவைதான். மாஸ்கோ முதல் மதராஸ் வரை டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் ஒரு ஜெர்மானியச் சமையற்காரர் கர்ஜித்துக்கொண்டிருந்தார், யாருக்கும் தெரியாமல்.

ஃபாரெலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ரஷ்யத் துறவி ரஸ்புதின் கொல்லப்பட்டது 1916 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். ரஸ்புதினாக ஆடியே பேர் வாங்கிய ஃபாரெல் இறந்தது 2010 டிசம்பர் 30, அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தயாரிப்பாளர் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பியிருப்பார்.

போனி எம் வெறும் ஒத்திகை. பெரிய விருந்து 1988-இல் நடந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நியூமார்க்ஸ் என்றொரு குழு இருந்தது. 1987-இல் 'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ' என்று ஒரு பாட்டைப் போட்டது. சொந்த ஊரில் பெரிதாக எடுபடவில்லை. தட்டு எப்படியோ கடல் தாண்டி ஜெர்மனி நடனக் கூடங்களுக்கு வந்து, ஃபாரியன் காதில் விழுந்தது. ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ரோஸ்பாக் என்ற இடத்தில் அவருக்குச் சொந்த ஸ்டூடியோ. அங்கே வைத்துப் பாட்டை மறுபடி சமைத்தார். தாளத்துக்கு, 1974-இல் சோல் சர்ச்சர்ஸ் என்ற குழு வாசித்து வைத்திருந்த டிரம்ஸ் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துச் சுற்ற விட்டார். ஆக, பாட்டும் இரவல், தாளமும் இரவல். குரலாவது சொந்தமாக இருக்கட்டும் என்று ஒரு சாமானியன் நினைப்பான்.

குரல்களுக்கு ஆள் தேட அவர் அலையவில்லை. ஜெர்மனியில் அப்போது அமெரிக்க ராணுவ முகாம்கள் நிறைய. சேவை முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, கிளப்புகளில் பாடிப் பிழைத்த கறுப்பின அமெரிக்கர்களும் நிறைய. சார்ல்ஸ் ஷா ராப் பகுதியைச் சொன்னார். ஜான் டேவிஸ், பிராட் ஹவல் இருவரும் பாடினார்கள். ஜோடி, லிண்டா ரோக்கோ என்ற இரட்டைச் சகோதரிகள் பெண் குரல் கொடுத்தார்கள். அத்தனை பேரும் தொழில் தெரிந்தவர்கள். ஹவலின் குரலை இன்று கேட்டாலும் அதில் வெண்ணெய் இருக்கிறது. ஆனால் அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, டேவிஸ் முப்பதுகளின் நடுவில் இருந்தார். எம்.டி.வி. என்ற அலைவரிசை வந்த பிறகு பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பார்ப்பது என்ற வழக்கம் உலகெங்கும் பரவியிருந்தது. முகம் தேவைப்பட்டது. முடிந்தால் முடியும்.

முடி மியூனிக்கில் இருந்தது.

ராப் பிலாட்டஸ், அமெரிக்கச் சிப்பாய் ஒருவருக்கும் ஜெர்மன் பெண்ணுக்கும் பிறந்து, அநாதை இல்லத்தில் சில காலம் இருந்து, பவேரியக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவர். ஃபாப் மோர்வன் பாரிஸ்காரர். இருவரும் மியூனிக்கில் ஆடினார்கள், மாடலிங் செய்தார்கள், வாடகைக்குத் திண்டாடினார்கள். சவுரி வைத்துப் பின்னிய நீண்ட சடைகள், தோளில் பஞ்சடைத்த கோட்டு, கீழே சைக்கிள் பந்தயக்காரர்கள் போடும் இறுக்கமான அரைக்கால் உடை. மேலே கம்பெனி மேனேஜர், கீழே ஒலிம்பிக் வீரர். இந்தக் கோலத்தில் இரண்டு அழகான இளைஞர்கள் எகிறிக் குதித்து மார்போடு மார்பு மோதிக்கொண்டால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று ஃபாரியன் கணக்குப் போட்டார். கணக்கு சரி.

1988 தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது, கையில் முன்பணமும் வந்தது. பையன்கள் அதை உருப்படியான காரியங்களில் முதலீடு செய்தார்கள்: துணிமணி, தலைமுடி. சில மாதம் கழித்து ஸ்டூடியோவுக்கு அழைப்பு வந்தது. பாடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று போனதாக ஃபாப் இன்றுவரை சொல்கிறார். எல்லாம் தெரிந்தேதான் இருவரும் வந்தார்கள் என்பது ஃபாரியன் கட்சி. அந்த அறையில் நடந்த பேச்சு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். தமிழ் டப்பிங்கும் என்னுடையதே:

"ஐயா, பாட்டு எப்போது பாட வேண்டும்?"

"பாடியாயிற்று தம்பி."

"யார் பாடினார்கள்?"

"அது எதற்கு உங்களுக்கு? நீங்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும்."

"எங்களுக்கும் பாட வரும் ஐயா."

"எனக்கும்தான் ஆட வரும். ஆடுகிறேனா?"

"எங்களுக்கு இஷ்டமில்லை."

"நல்லது. முன்பணத்தை வைத்துவிட்டுப் போங்கள்."

இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பணம் அங்கேதான் இருந்தது, பின்னிய நிலையில். அதை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு பாட்டுக்குத்தானே, ஒரு தடவைதானே என்று சம்மதித்தார்கள்.

குழுவுக்கு 'மில்லி வனில்லி' என்று பெயர் வைத்தார்கள். 'மில்லி' என்பது ஃபாரியனின் உதவியாளராக இருந்த பெண்மணியின் செல்லப்பெயர். பத்திரிகைகளுக்கோ அது துருக்கிச் சொல், நல்ல ஆற்றலைக் குறிப்பது என்று அள்ளிவிட்டார்கள். குரலே பொய் என்றான பிறகு பெயருக்கு மட்டும் நேர்மை எதற்கு?

பாட்டு ஐரோப்பாவில் பிய்த்துக்கொண்டு போனது. குரல் கொடுத்தவர்களுக்கு முகம் யாருடையது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜான் டேவிஸ் ஒருநாள் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டிருக்கிறார். உள்ளே ஒரு பையன் அவருடைய குரலில் பாடிக்கொண்டிருந்தான். தன் பாட்டைத் தானே கேட்டு அதிர்ந்துபோன பாடகர்கள் உண்டு, ஆனால் அதற்கான வழக்கமான காரணம் வேறு.

'ஒரு தடவைதானே' என்பது ஆல்பமாக வளர்ந்தது. 1988 இறுதியில் 'ஆல் ஆர் நத்திங்' என்ற பெயரில் ஐரோப்பாவில் வெளிவந்தது. அமெரிக்காவில் க்ளைவ் டேவிஸின் அரிஸ்டா நிறுவனம் அதை வாங்கிப் பாட்டுகளைக் கூட்டிக் குறைத்து, 1989 மார்ச்சில் 'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ' என்ற தலைப்போடு இறக்கியது. தலைப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டயேன் வாரன் எழுதிய 'பிளேம் இட் ஆன் த ரெயின்' இந்த அமெரிக்கப் பதிப்பில் சேர்ந்தது. ஆல்பத்திலேயே சரியாகக் கட்டிய பாட்டு அதுதான். மற்றவை பெரும்பாலும் ஒரே டிரம் இயந்திரத்தை வெவ்வேறு கோணத்தில் தட்டியவை. காதலிக்கு உண்மையாக இருப்பதாகச் சத்தியம், காதலி போய்விட்டதாகப் புலம்பல், தொலைபேசி எண்ணை மறக்காதே என்று மன்றாடல். விமர்சகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஆனால் மூக்கைச் சுளித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் காது வேலை செய்யவில்லை என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

அமெரிக்கப் பதிப்பில் இன்னொரு சின்ன மாற்றமும் இருந்தது. ஐரோப்பாவில் பாடியது யார் என்று ஆல்பத்தில் போடாமல் பூசி மெழுகியிருந்தார்கள். அமெரிக்காவில் உள்தாளில் 'குரல்: ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன்' என்றே அச்சாகியது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதையில் குற்றம் எங்கே இருக்கிறது என்று பிடிபடவே கொஞ்ச நேரமாகும். டி.எம். சௌந்தரராஜன் குரலில் எம்.ஜி.ஆரும் வாயசைப்பார், சிவாஜியும் வாயசைப்பார். இருவரின் ரசிகர்களும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வார்கள். இரண்டு மண்டைகளிலும் ஒலித்தது ஒரே குரல் என்பது எவருக்கும் உறுத்தவில்லை. ஆனால் இசைத்தட்டில் டி.எம்.எஸ். பெயர் இருந்தது. டைட்டிலில் இருந்தது. வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். ரோஸ்பாக்கில் பாடிய ஐந்து பேருக்கும் அந்த ஒரு வரி அச்சுதான் இல்லாமல் போயிற்று. அரிஸ்டா நிறுவனம் தனக்கு எதுவும் தெரியாது என்று கடைசிவரை சொன்னது. ஐந்து பேர் பாடிய ஆல்பத்தை வாங்கி விற்ற நிறுவனம், உலகத்திலேயே தேர்ந்த காது என்று பெயரெடுத்த மனிதரின் தலைமையில்.

சந்தேகப்பட வாய்ப்பே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரு பேட்டி போதும். பாட்டில் இருவரும் அமெரிக்கத் தெருமுனையில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி ராப் சொல்வார்கள். பேட்டியில் ஒருவர் ஜெர்மன் வாடையும் மற்றவர் பிரெஞ்சு வாடையும் அடிக்க, ஆங்கில இலக்கணத்தைத் தடவித் தடவிப் பேசுவார்கள். எதிரே உட்கார்ந்து மைக்கை நீட்டியவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். பணம் வந்துகொண்டிருக்கும்போது உச்சரிப்பை ஆராய்வது அநாகரிகம்.

பணம் வந்ததும் வந்தது. 1989-இல் மட்டும் அமெரிக்கப் பட்டியலில் மூன்று பாட்டுகள் முதலிடம். தலைப்புப் பாட்டு இரண்டாமிடம். ஆல்பமும் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் 60 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ். அந்த ஆண்டு கோடையில் எம்.டி.வி. ஏற்பாடு செய்த கச்சேரிப் பயணத்தில் ஊர் ஊராக ஆடினார்கள்.

ஜூலை 21, 1989. கனெக்டிகட் மாநிலம், பிரிஸ்டல் நகர், லேக் கம்பௌன்ஸ் கேளிக்கைப் பூங்கா. மேடையில் இருவரும் தலைப்புப் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கிறார்கள். திடீரென்று பின்னணி ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டது. பாட்டின் தலைப்பையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது, கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு. பொய் பேசப் பழகிய அந்தக் கருவிக்கு 'உண்மை' என்ற அந்த ஒற்றைச் சொல் மட்டும் தொண்டையில் அடைத்துக்கொண்டது. ராப் சில நொடிகள் வாயை அதற்கேற்ப அசைத்துச் சமாளித்துப் பார்த்தார். எத்தனை தடவைதான் ஒரே மூன்றரைச் சொல்லுக்கு உதடு அசைக்க முடியும்? திரும்பி ஓடினார். சாதாரண ஓட்டமில்லை. சடைகள் பின்னால் பறக்க, வாழ்க்கையை விட்டே ஓடுகிற ஓட்டம்.

எம்.டி.வி.யின் தொகுப்பாளர் டவுன்டவுன் ஜூலி பிரவுன் பின்னால் துரத்திப் போய், சமாதானப்படுத்தி, மேடைக்குத் திருப்பி அனுப்பினார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. ஓடியதையும் நடன அசைவு என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. பத்திரிகைகளில் பெரிய கலவரம் ஏதும் இல்லை. கடைகளில் ஆல்பம் இன்னும் விற்றது. கண்ணெதிரே கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் ஒருவனைப் பிடிக்க ஊர் மறுத்தால், திருடன்தான் பாவம், என்ன செய்வான்?

உள்ளே இருந்த ஆட்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். ராப் பகுதியைச் சொன்ன சார்ல்ஸ் ஷா 1989 இறுதியில் நியூயார்க் நிருபர் ஒருவரிடம், அந்த இரண்டு பேரும் பாடவில்லை என்று போட்டு உடைத்தார். பிறகு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெறுவதற்காக ஃபாரியன் 1,50,000 டாலர் கொடுத்தார் என்று பேச்சு. அப்படியானால் பாடியதற்குக் கிடைத்ததைவிடப் பாடவில்லை என்று சொன்னதற்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

1990 பிப்ரவரி 21. கிராமி விருது விழா. சிறந்த புதிய கலைஞருக்கான பட்டியலில் நெனே செர்ரி, இண்டிகோ கேர்ள்ஸ், டோன் லோக், சோல் டு சோல் ஆகியோரோடு மில்லி வனில்லி. இண்டிகோ கேர்ள்ஸ் என்பவர்கள் இரண்டு பெண்கள், கித்தாரைக் கையில் எடுத்து வாயைத் திறந்து பாடுகிறவர்கள். இப்படிப்பட்ட பழைய பழக்கம் உள்ளவர்களுக்கு எப்படி விருது கிடைக்கும்? ராபும் ஃபாபும் அந்த மேடையிலேயே, இசையறிவாளர்கள் நிறைந்த அந்தச் சபையிலேயே, ஒலிப்பதிவுக்கு வாயசைத்து ஆடினார்கள். பிறகு மேலே ஏறி விருதையும் வாங்கிக்கொண்டார்கள். நேரடியாகப் பாடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது அங்கே அனுமதிக்கப்பட்ட சங்கதி. அந்தக் குரல் எந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாகரிகமான சபை.

வாங்கிய பிறகாவது பையன்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது அவர்களுடைய தொழிலுக்கே நேர் எதிரானது, உண்மைதான். 'டைம்' வார இதழில் வந்த பேட்டியில், பாப் டிலனைவிடவும் பால் மெக்கார்ட்னியைவிடவும் மில்லி வனில்லிக்குத் திறமை அதிகம், தான்தான் புதிய எல்விஸ் என்ற ரீதியில் ராப் அளந்தது அச்சானது. அரசன் வேஷம் கட்டிய கூத்துக்காரன் விடிந்த பிறகும் கிரீடத்தைக் கழற்றாமல் ஊருக்குள் வரி வசூலிக்கப் போனது மாதிரி என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிரீடத்தை அவர் தலையில் ஆணி அடித்துப் பொருத்தியது கூட்டமும் கிராமியும்தான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில்தான் கதை விசித்திரமாகத் திரும்புகிறது. அவர்களை வீழ்த்தியது நிருபர்கள் இல்லை, சிக்கிய ஒலிப்பதிவும் இல்லை. நேர்மைதான் வீழ்த்தியது, அதுவும் அவர்களுடைய நேர்மை. அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுகிறோம் என்று ராபும் ஃபாபும் பிடிவாதம் பிடித்தார்கள். பரிமாறுகிற பையன்கள் அடுப்படிக்குள் நுழையப் பார்த்ததும் ஃபாரியன் கொதித்துவிட்டார். 1990 நவம்பர் நடுவில், இருவரையும் விலக்கிவிட்டதாகவும் அவர்கள் ஒரு வரிகூடப் பாடியதில்லை என்றும் அவரே அறிவித்தார். பொய்யை உருவாக்கியவர், பொய்யை விற்றுக் காசு பார்த்தவர், கடைசியில் உண்மையை அம்பலப்படுத்தியவர் என்ற மூன்று பட்டங்களும் ஒருவருக்கே. அவர் மேல் யாருக்கும் பெரிய கோபம் வரவில்லை. முகம் தெரியாதவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அந்தத் தொழில் ரகசியத்தை அவர் 1975-இலேயே கண்டுபிடித்திருந்தார்.

நவம்பர் 19 அன்று கிராமிக்காரர்கள் விருதைத் திரும்பப் பெற்றார்கள். கிராமி வரலாற்றில் இந்தக் காரணத்துக்காக ஒரு விருது பறிக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதை வேறு யாருக்காவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. இண்டிகோ கேர்ள்ஸ் முதலானோர் உண்மையாகப் பாடிய குற்றத்துக்காக இரண்டாவது தடவையும் தண்டிக்கப்பட்டார்கள். மறுநாள் லாஸ் ஏஞ்சலஸில் ராபும் ஃபாபும் நிருபர்களைக் கூட்டினார்கள். விருதைத் தந்துவிடுகிறோம் என்றார்கள். எங்களுக்குப் பாட வரும் என்று சொல்லி, நிற்க வைத்த இடத்தில் பாடியும் காட்டினார்கள். மில்லி வனில்லி வரலாற்றில் முதல்முறையாக ராபும் ஃபாபும் சொந்தக் குரலில் பாடிய நிகழ்ச்சி இதுவே. கூட்டத்தில் ஒருவரும் ரசிக்கும் மனநிலையில் இல்லை.

பிறகு வழக்குகள். ஏமாந்துவிட்டோம் என்று அமெரிக்க நுகர்வோர் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். அரிஸ்டா ஆல்பத்தைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. 1991-இல் சமரசம் ஏற்பட்டது. வாங்கியதற்கு அத்தாட்சி காட்டினால் சிடிக்கு 3 டாலர் வரை, சிங்கிள் தட்டுக்கு 1 டாலர் திரும்பக் கிடைக்கும். நீதி இவ்வளவு துல்லியமாக எடை போட்டு நான் பார்த்ததில்லை. பாட்டு பிடித்திருந்தது, ஆடினார்கள், காதலியிடம் போட்டுக் காட்டிக் காரியம் சாதித்தார்கள்; அதற்கெல்லாம் விலை கழித்துவிட்டுப் பார்த்தால் உடைந்த மனதின் மதிப்பு மூன்று டாலர்.

இந்தக் கூச்சல் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் மார்த்தா வாஷ் என்றொரு பாடகி இருந்தார். கட்டிடம் அதிர்கிற குரல், பருத்த உடல். பிளாக் பாக்ஸ் குழுவின் பாட்டுகளில் பாடியது அவர். வீடியோவில் வாயசைத்தது ஒல்லியான மாடல் ஒருத்தி. சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் 'கானா மேக் யூ ஸ்வெட்' பாட்டில் கூரையைப் பிய்க்கிற அந்தப் பெண் குரல் அவருடையது. வீடியோவில் அங்கும் வேறொரு ஒல்லி. மார்த்தா வாஷ் வழக்குப் போட்டார், கம்பெனிகள் சமரசத்துக்கு இறங்கி வந்தன. பாடியவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்கத் தொழிலில் உறுதிப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் குழுக்கள் மேல் ரசிகர்கள் யாரும் சிடியைக் கல்லாக எறியவில்லை. ஊர் முழுக்க ஒரே வியாபாரம் நடந்தது. கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டது மட்டும் இந்த இரண்டு பேரை. எல்விஸ் பேச்சுக்கான அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களை எதற்காக வேலைக்கு எடுத்தார்களோ, அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் அவர்கள் மட்டுமே. ஆடு என்றார்கள், ஆடினார்கள். அழகாக இரு என்றார்கள், இருந்தார்கள். காது வைத்திருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள்தான் கடமை தவறியவர்கள்.

ஃபாரியன் அசரவில்லை. நிஜப் பாடகர்களை வைத்து 'த ரியல் மில்லி வனில்லி' என்ற பெயரில் 1991-இல் ஓர் ஆல்பம் போட்டார். உண்மை என்று தெரிந்ததும் அது பழையபடி விற்கவில்லை. ராபும் ஃபாபும் சூயிங் கம் விளம்பரம் ஒன்றில் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு, சிக்கிக்கொள்ளும் ஓபரா தட்டுக்கு வாயசைத்தார்கள். 1993-இல் 'ராப் அண்ட் ஃபாப்' என்று சொந்தக் குரலில் ஆல்பம் வெளியிட்டார்கள். விற்றது சுமார் 2,000 பிரதிகள். பொய்க்கு 60 லட்சம், மெய்க்கு இரண்டாயிரம். நேர்மைக்குச் சந்தை நிலவரம் அப்போது அப்படி.

ராபால் அதிலிருந்து எழ முடியவில்லை. போதை, அடிதடி, சில மாதச் சிறை, மறுவாழ்வு இல்லம். 1998-இல், இருவரும் சொந்தக் குரலில் பாடும் புதிய ஆல்பத்துக்கு ஃபாரியனே ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அந்த ஏப்ரலில் ஃபிராங்ஃபர்ட் பக்கத்து விடுதி அறை ஒன்றில் ராப் இறந்து கிடந்தார். மதுவும் மாத்திரைகளும் சேர்ந்து செய்த விபத்து என்றார்கள். முப்பதைச் சற்றே கடந்த வயது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஆகவே தாண்டிப் போகிறேன்.

ஃபாரியன் தொண்ணூறுகளில் லா பூஷ், நோ மெர்சி என்று அடுத்தடுத்த குழுக்களோடு மறுபடி பட்டியல்களில் ஏறினார். 2024 ஜனவரியில், 82 வயதில், மயாமியில் காலமானார். அஞ்சலிக் கட்டுரைகள் அவரை மேதை என்று எழுதின. தப்பில்லை, ஒருவகையில் மேதைதான்.

ஃபாப் என்ன ஆனார்? பாட்டுப் பயிற்சி எடுத்தார், கித்தார் பழகினார், ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். பல வருடம் கழித்து, தொலைக்காட்சியில் தன் குரலைக் கண்டு அதிர்ந்த அதே ஜான் டேவிஸும் அவரும் நண்பர்களாகி, ஒரே மேடையில் நின்று அந்தப் பழைய பாட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள். குரலும் முகமும் பக்கத்தில் பக்கத்தில். ரோஸ்பாக்கில் ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டிருந்தால் 1988-இலேயே நடந்திருக்கக்கூடிய காரியம். டேவிஸ் 2021-இல் கோவிட் தொற்றில் இறந்துபோனார்.

ஃபாப் தன் கதையைப் புத்தகமாக எழுதி, ஒலிப்புத்தகமாகத் தானே வாசித்தும் கொடுத்தார். 2026-ஆம் ஆண்டு கிராமிக்கான பரிந்துரைப் பட்டியலில், ஒலிப்புத்தகப் பிரிவில் அது இடம்பிடித்தது. வாசிப்புக்கு, அதாவது குரலுக்கு. போட்டியில் தலாய் லாமாவும் இருந்தார்.